தோல் ஷாப் எண்ணெய்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். மேல் பொத்தான் போடாத சட்டை, உள்ளே பழைய ஸ்படிக மாலை. இலையில் பஞ்சாமிர்தம் விழுந்ததும் கதை சொல்ல ஆரம்பித்தார். "நம்ம திண்டுக்கல்லுல ஒரு பொம்பள, பழனிப் பஞ்சாமிர்தத்தையே வேண்டாம்னு திருப்பி அனுப்புனாளே, தெரியும்ல? சீனாக்காரன் சண்டைக்கு வந்த வருசம். அந்தப் பாவந்தான், குடும்பமே வெளங்காமப் போச்சு." பக்கத்து இலைக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் வருஷம் தப்பு. சீனப் போருக்கு நாலைந்து ஆண்டு முன்னால் நடந்தது அது. பஞ்சாமிர்தம் கொண்டுவந்த கணக்குப்பிள்ளை, குதிரைவண்டிக்காரனோடு அணாவா நயா பைசாவா என்று எங்கள் தெருவில் நின்று வாதாடியதை நான் காதால் கேட்டேன். நயா பைசா வந்த பிறகு வந்த முதல் தைப்பூசம் அது. குடும்பம் விளங்காமல் போனது என்பதும் தப்பு. அதற்குப் பின்வருகிற செய்தியே சாட்சி. இந்த இரண்டையும்கூட நான் பொறுத்துக்கொள்வேன். 'வேண்டாம்' என்று சொன்னதாகச் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த அம்மாள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. நான் அடுத்த வீட்டில் குடியிருந்தவன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு, ஓகோ அந்தப் பஞ்சாமிர்தக்காரியா என்று பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அதுவே போதும்.

அக்கா பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிறவர். எங்கள் தெருவில் அதற்காகவே அவருக்குப் பெயர். திருப்பிக் கொடுப்பவர்கள் எங்கும் உண்டு; பெரும்பாலும் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார்கள், அல்லது வேறு ஆள் மூலம் கொடுத்தனுப்புவார்கள். அக்கா தானே போவார், பகலில் போவார், பொருளைத் துணியால் மூடாமல் கையில் எடுத்துக்கொண்டு போவார். போய்ச் சொல்வது எப்போதும் ஒரே பேச்சுதான். "சரியாக்கிக் குடுங்க. வாங்கிக்கிறேன்."

ஒரு தடவை அவர் வாங்கிய பூட்டு எங்கள் வீட்டுச் சாவிக்கும் திறந்தது. தற்செயலாக என் மனைவி போட்டுப் பார்த்தாள், திறந்துகொண்டது. பூட்டுச் செய்தவர் அக்காவின் கணவருக்குச் சொந்தக்காரர். அக்கா எங்கள் சாவியையும் வாங்கிக்கொண்டு அவர் பட்டறைக்கே போனார். அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் முன்னால் திறந்து காட்டினார்.

"ஏன் மாமா, தெருச் சாவிக்கெல்லாம் தெறக்குறதுக்குப் பூட்டு எதுக்கு? ஒரு கயித்தைக் கட்டிவிட்டாப் போதுமே."

"சொந்தக்காரங்கன்னுகூடப் பாக்காம இப்பிடி நாலு பேரு முன்னாடி..."

"சொந்தக்காரருன்னுதானே உங்ககிட்ட வாங்குனேன். சரியாக்கிக் குடுங்க."

அந்த மாமா சரியாக்கித்தான் கொடுத்தார். சாகும்வரை அவரோடு சரியாகப் பேசவும் இல்லை.

இன்னொரு தடவை கல்யாணப் பத்திரிகை. உறவில் ஒருவர் கொண்டுவந்து நீட்டினார். மேலே அக்காவின் கணவர் பெயர், அதற்குப் பக்கத்தில் 'குடும்பம்' என்று எழுதியிருந்தது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அதைத் திருப்பி நீட்டினார். "அவரைக் கூப்புட்டிருக்கீங்க. அவரு வருவாரு. பாத்திரம் பண்டமெல்லாம் சேந்ததுதான் குடும்பம். எனக்கு ஒரு பேரு இருக்குல்ல, எழுதிக் குடுங்க. நானும் வாரேன்." வந்தவர் என்னிடம் பேனா வாங்கி எழுதிக் கொடுத்தார். அக்கா கல்யாணத்துக்குப் போய் முதல் ஆளாகக் காய் நறுக்கினார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்த தெருதான், பின்னால் அதே குணத்துக்காக அவரை ஒதுக்கி வைத்தது.

அவர் கணவர் பூட்டுப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் கல் அறுக்கும் ரம்பம் ஒன்றைத் தன் கையாலேயே செய்து நிறுத்தினார். அது மரம் அறுக்கும் ரம்பம்போலப் பல் உள்ளது அல்ல. மெல்லிய இரும்புத் தகட்டில் வெட்டிய வட்டச் சில்லு. விளிம்பில் நெருக்கமாகக் கீறி, கீறலுக்குள் வைரப்பொடியை வைத்து நசுக்கியிருக்கும். மின்சார மோட்டார் அதைச் சுழற்றும். சில்லின் அடிப்பக்கம் ஒரு தொட்டி எண்ணெயில் முங்கியிருக்கும். சுழலும்போது எண்ணெயை அள்ளிக்கொண்டு மேலே வந்து கல்லைத் தொடும். எண்ணெய் இல்லாவிட்டால் கல் சூடேறி வெடிக்கும், சில்லு தேயும், கல்தூள் வெட்டுக்குள் அடைத்துக்கொள்ளும். கல் அறுப்பதில் பாதி வேலை எண்ணெயினுடையது.

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி ஸ்படிகப் பாளங்களை ரயிலில் அனுப்புவார். இவர் அதைத் தகடாகவும் பிறகு சிறு கட்டியாகவும் அறுத்துத் திருப்பி அனுப்புவார். கட்டிகளை வேறு ஆட்கள் மணியாக உருட்டுவார்கள். மலைக்கு வருகிறவர்கள் மாலையாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. போகிற சாக்கும் வருகிற சாக்கும் என் கண்முன்னால்தான் ஏறி இறங்கின.

ஆரம்பத்தில் தொட்டியில் ஊற்றியது மண்ணெண்ணெய். எங்கள் பக்கத்தில் சீமெண்ணெய் என்போம். அதில் கொஞ்சம் பழைய மோட்டார் எண்ணெயைக் கலந்துகொள்வது. திருச்சிப் பக்கம் கல் அறுப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று இவரும் செய்தார். வெட்டு நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் சில்லு சுழலும் வேகத்தில் எண்ணெய் புகையைப் போலப் பறந்து தாழ்வாரம் முழுக்க நிற்கும். அவர் விரல்களில் தோல் வெடித்துச் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். இருமல் வந்தது, போகவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த இருமலைக் கேட்டுத்தான் நாங்கள் தூங்கினோம், அதைக் கேட்டுத்தான் எழுந்தோம். ஒரு நாள் மோட்டாரிலிருந்து தெறித்த பொறி தொட்டி மூடிக்குள்ளிருந்த எண்ணெய் ஆவியைப் பிடித்துக் குப்பென்று எரிந்தது. புருவம் போனது, கண் தப்பியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் புகையிலேயே இருந்தால் அடுத்த வருஷம் இந்த ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும் என்று அக்காவிடம் சொன்னார்.

மறுநாள் அக்கா கணவரின் பழைய வேட்டி ஒன்றை நன்றாக வெளுத்து, நனைத்துப் பிழிந்து, ரம்பத்துக்குப் பக்கத்தில் அவர் முகம் இருக்கும் உயரத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வேட்டி சாம்பல் நிறம், தொட்டால் பிசுக்கு. அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மோந்து பாருங்க தம்பி."

மண்ணெண்ணெய் நாற்றம் மண்டையில் ஏறியது.

"இது ஒரு நாள்ல வந்தது. இதே மாதிரி ஒண்ணு அவரு நெஞ்சுக்குள்ள தொங்குது. அதை எந்தக் கல்லுல போட்டுத் தொவைக்கிறது?"

எனக்குப் புத்தகப் பழக்கம் உண்டு. மதுரையிலிருந்து ஒரு நண்பர் மூலம் கல் அறுக்கும் தொழிலைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிவந்து, எண்ணெய் பற்றிய பகுதியை அக்காவுக்கும் அவர் கணவருக்கும் தமிழில் படித்துச் சொன்னேன். சீக்கிரம் தீப்பிடிக்காத எண்ணெயாக இருக்க வேண்டும். தண்ணீர்போல ஓடவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். சில்லைத் துரு பிடிக்க விடக்கூடாது. விரிசலுள்ள கல்லுக்குள் ஊறிக் கறையாகக்கூடாது. தீப்பிடிக்கும் சங்கதி மிகவும் உபயோகமானது என்று கணவர் தலையாட்டினார். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "ரம்பத்துக்கு என்ன ஆகும்னு போட்டிருக்கு. கல்லுக்கு என்ன ஆகும்னு போட்டிருக்கு. இருமுறவனைப் பத்தி எங்கயாச்சும் இருக்கா?" என்றார். திரும்பப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. "அப்ப அதையும் எழுதச் சொல்லித் திருப்பிக் குடுங்க" என்றார். எழுதியவர் இருக்கும் நாட்டுக்கு நான் எங்கே போவது? ஆனாலும் அவர் கேட்டது நியாயம். புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது நண்பரிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு அன்றே கோபம்.

அதன்பின் அந்தத் தாழ்வாரத்தில் எண்ணெய் எண்ணெயாக மாறியது. பழனிக் கடைக்காரரிடம் சொன்னபோது, "தேங்கா எண்ணெய ஊத்திப் பாருங்க. சாமிக்கும் உகந்ததுங்க" என்றார். கார்த்திகைக் குளிர் தொடங்கியிருந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டி எண்ணெய் வெண்ணெயாக உறைந்து சில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. கரிச்சட்டி வைத்து உருக்கி ஓட்டினார்கள். சில நாளில் கல்தூளோடு சேர்ந்து பசையாகிக் காறல் அடித்தது. எறும்பு வந்தது, எறும்பைத் தேடிப் பல்லி வந்தது. "சாமிக்கு உகந்ததோ என்னமோ, பல்லிக்கு உகந்ததா இருக்கு" என்று அக்கா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். கடலை எண்ணெயும் அதே கதி. டீசல் மண்ணெண்ணெய்க்கு அண்ணன். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்துப் பார்த்தார்கள். துரு பிடிக்கவில்லை, ஆனால் வழுக்கல் இல்லாமல் சில்லு கிறீச்சிட்டது, கல் ஓரம் சிதறியது. ஒவ்வொன்றுக்கும் அக்கா வேட்டியை வெளுத்துத் தொங்கவிட்டார். ஒவ்வொரு சாயங்காலமும் முகர்ந்து பார்த்தார்.

அந்தச் சமயத்தில் பேகம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் தோல் ஷாப் ஒன்றில் உருளை ஓட்டும் சக்கரம் பழுது என்று கணவரைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் சோறு கொண்டுபோன அக்கா, அங்கே ஒருவர் பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஏதோ எண்ணெயைத் தண்ணீர் அண்டாவில் ஊற்றியதைப் பார்த்தார். எண்ணெய் மிதக்கவில்லை. அண்டா முழுக்கப் பால்போல் வெளுத்தது. சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். ஷாப்பை மேற்பார்க்கும் பாய் வந்தார்.

"என்ன தங்கச்சி, சோறு ஆறுது."

"அண்ணே, எண்ணெ எப்பிடித் தண்ணியில கலக்குது?"

"வெளக்கெண்ணெதாம்மா. ஆசிட்டு விட்டுப் பக்குவம் பண்ணி டின்னுல அடைச்சு மெட்ராஸ்லருந்து வருது. பதம் பண்ணுன தோலு விறைக்காம இருக்கிறதுக்குத் தேய்க்கிறது."

"எரியுமா?"

"தண்ணியில கரைச்சதை எவன் எரிக்கிறது?"

"கையில பட்டா?"

பாய் தன் ஆளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். வருஷக்கணக்காக அதில் அளைந்த கை. விரல் வெடிப்பு இல்லை. அக்கா அந்தக் கையைப் பார்த்தாராம், பிறகு சாப்பிட உட்கார்ந்திருந்த கணவரின் கையைப் பார்த்தாராம். சிறிய டின் ஒன்றில் கேட்டு வாங்கிவந்தார்.

முதல் நாள் தொட்டி நுரைத்துத் தாழ்வாரத்தில் வழிந்தது. எண்ணெயைக் குறைத்தார்கள். கொஞ்சம் சோடா சேர்த்தார்கள். சாயங்காலம் தொட்டியை வடித்துச் சில்லைத் துடைத்து, கலக்காத எண்ணெயை அதன் மேல் தடவிவைத்தால் துரு ஏறவில்லை. வெட்டிய கட்டியை அக்கா வெள்ளைத் துணியில் முடிந்து வைத்து அவிழ்த்துப் பார்த்தார். கறை இல்லை. தொங்கவிட்ட வேட்டி ஈரமாக மட்டும் இருந்தது, லேசான விளக்கெண்ணெய் வாடையோடு. அதை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை. கொல்லையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். தை பிறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல் குறைந்துவிட்டது. முழுவதும் நின்றது என்று எழுத மாட்டேன். நிற்கவில்லை. ஆனால் பழைய இருமல் இல்லை.

டின்னில் தோல் ஷாப்பின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வேறு பாத்திரத்தில் ஊற்றிவைத்துக்கொள்ளுங்கள் அக்கா, பார்க்கிறவர்கள் ஏதாவது பேசுவார்கள் என்று நான் சொன்னேன். "மாத்தி ஊத்தினா ஒளிச்ச மாதிரி ஆயிரும் தம்பி" என்றார்.

யாரோ போய்ப் பழனியில் சொல்லிவிட்டார்கள். அறுத்து அனுப்பிய சாக்கு பிரிக்காமல் அப்படியே திரும்பிவந்தது. அதை இறக்கி வாங்கியது நான்தான். அதைத் தொடர்ந்து கடைக்காரரே வந்தார். வீட்டுக்குள் வராமல் தெருவில் நின்றே பேசினார்.

"ஏனுங்க, சாமி கழுத்துல போடற கல்லுங்க. அதையக் கொண்டுபோயித் தோல் ஷாப்பு எண்ணெயில முக்கலாமுங்களா?"

அக்கா வாசலுக்கு வந்தார். "வெளக்கெண்ணெங்க அது. செடியில காய்க்கிறது."

"வந்த எடம் எதுங்க?"

"டின்னுல வந்துச்சு. தோலைத் தொடல. சீமெண்ணெயில குளிச்சு எழுந்திரிச்சப்ப சாமிக்கு நாறலையா?"

"அதைய நாங்க கழுவிப்போடுவமுங்க."

"இதையும் கழுவுங்க. சீமெண்ணெயவிடச் சீக்கிரம் போகும்."

"கழுவினாப் போற தீட்டுங்களா இது?"

அக்காவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "கோயில்ல சாமி பொறப்படும்போது முன்னாடி அடிக்கிறாகளே தவுலு, அதுல இழுத்துக் கட்டியிருக்கிறது என்ன, வாழமட்டையா? அந்தத் தோலு சாமி காதுல விழுகலாம், இந்த எண்ணெ கழுத்துல படக்கூடாதோ?"

சுற்றி நின்றவர்கள் அவர் கேட்டதை விட்டுவிட்டு, ஒரு பொம்பளை தெருவில் நின்று இப்படிப் பேசலாமா என்ற வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் நெஞ்சு வெந்து இருமிய காலமெல்லாம் எங்கள் தெருவில் எவருக்கும் தீட்டு நினைவு வரவில்லை. அவன் இருமலை நிறுத்திய எண்ணெயைப் பார்த்ததும் எல்லாருக்கும் வந்தது.

கல் வரத்து நின்றது. தைப்பூசம் முடிந்ததும் கடைக்காரரின் கணக்குப்பிள்ளை குதிரைவண்டியில் வந்து இறங்கினார். கையில் தகர டப்பாவில் பஞ்சாமிர்தம். கணவர் உள்ளே இருந்தார். நான் எங்கள் வாசலில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். கணக்குப்பிள்ளை நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"மொதலாளி கோவத்தையெல்லாம் விட்டுட்டாருங்க. மறுபடி சீமெண்ணெயிலயே அறுக்கறதுன்னா பழையபடி கல்லு வருமுங்க. இதையச் சாப்புட்டு, நடந்ததைச் சுத்தம் பண்ணிக்கச் சொன்னாருங்க."

அக்கா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திருப்பி நீட்டினார்.

"சாமிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லீங்க. டப்பா சாமி குடுத்தது. கூட ஒரு சேதி வச்சிருக்கீங்கள்ல, அது சாமி சொன்னதில்ல. சேதிய எடுத்துட்டு டப்பாவ மட்டும் கொண்டாங்க. வாங்கிக்கிறேன்."

"பிரசாதமுங்க, அம்மா..."

"அதனாலதான் சொல்றேன். சரியாக்கிக் கொண்டாங்க."

இவ்வளவுதான் நடந்தது. பூட்டுக்காரரிடம் சொன்னது, பத்திரிகைக்காரரிடம் சொன்னது, அதையே சொன்னார். 'வேண்டாம்' என்ற சொல் அங்கே இல்லை. கணக்குப்பிள்ளை டப்பாவோடு வண்டியேறிப் போனதை மட்டும் தெரு பார்த்தது. பார்த்ததை வைத்துக்கொண்டு, கேட்டதை விட்டுவிட்டது.

அவர் போன பிறகு கணவர் வெளியே வந்தார். சண்டை போடத் தெரியாத மனுஷர். "நான் சீமெண்ணெயிலயே அறுத்துட்டுப் போறேன். அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான். அந்த அம்புட்டும் உங்க நெஞ்சுல இல்ல போயி உக்காரும்?"

"சோத்துக்கு?"

"இருமாம உக்காருங்க செத்த நேரம். யோசிப்போம்."

தெரு அக்காவை ஒதுக்கியது. தாம்பூலம் கொடுக்க வருகிற பெண்கள் எங்கள் வீட்டுப் படியேறி, அவர் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுப் படியேறினார்கள். அக்கா வாசலில் நின்று பார்ப்பார். "எங்க வீட்டுக்கு நம்பர் தேஞ்சுபோச்சுபோல, தம்பி. யாருக்கும் தெரியல" என்பார். என்னுடைய பெரியப்பா, அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்று எனக்கும் சொல்லியனுப்பினார். அவர் அன்றாடம் தோல் செருப்புப் போட்டு நடந்தவர்.

சோற்றுக்குத் தோல் ஷாப் பாய்தான் வழி செய்தார். அவர் மைத்துனர் மோதிரக் கல் வியாபாரி. சிவப்பும் பழுப்புமான அகீக் கற்களைக் கொண்டுவந்து கொடுப்பார். மோதிரத்துக்கு அளவான சிறு வில்லைகளாக அக்காவின் கணவர் அறுத்துக் கொடுத்தார். பழைய வரும்படி இல்லை. அடுப்பு அணையவும் இல்லை.

மறு வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதே கணக்குப்பிள்ளை வந்தார். இந்தத் தடவை நடந்து வந்தார், கையில் எதுவும் இல்லை. வேறு இடத்தில் மண்ணெண்ணெயில் அறுத்த ஸ்படிகம் விரிசலுக்குள் எண்ணெய் குடித்து மஞ்சளாகிவிட்டதாம். மாலை வாங்கினவர்கள் கடைக்கே வந்து சத்தம் போடுகிறார்களாம். இங்கே அறுத்தது பளிச்சென்று இருந்ததே என்று முதலாளி நினைக்கிறாராம்.

"என்ன எண்ணெயில அறுக்கணும்?" என்று அக்கா கேட்டார்.

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "இப்ப என்ன ஊத்தறீங்களோ அதுங்க."

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாத மாதிரி இருந்துக்குவாருங்க. உங்க பேரு மட்டும் வேண்டாமுங்க. கல்லு திருச்சியிலருந்து வந்த மாதிரி இருந்துறட்டுமுங்க."

இந்தச் சேதியையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வார் என நான் காத்திருந்தேன். கணவர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். இருமாமல், இளைக்காமல் நின்றிருந்தார் அவர்.

"கல்லை அனுப்புங்க" என்றார் அக்கா. "எப்பிடி அனுப்பணும்னு நான் பாத்துக்கிறேன்."

அறுத்து முடிந்ததும் புருஷனும் பெண்சாதியுமாகச் சாக்கைத் தள்ளுவண்டியில் வைத்துப் பார்சல் ஆபீஸுக்கே கொண்டுவந்தார்கள். சாக்கின் மேல் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்தது. ரம்பத்துக்குப் பக்கத்தில் தொங்கிய வேட்டியிலிருந்து கிழித்தது. நான் வழக்கம்போல அனுப்புகிற ஊர், சேருகிற ஊர், உள்ளிருப்பது ஸ்படிகக் கல் என்று எழுதினேன்.

"எண்ணெயையும் எழுதுங்க தம்பி."

"அதை எழுதச் சட்டமில்லையே அக்கா."

"எழுதக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

இல்லை. மைக்கிண்ணத்தில் பிரஷைத் தோய்த்தேன். 'தோல் ஷாப் விளக்கெண்ணெயில் அறுத்த ஸ்படிகம்' என்று, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து படிக்கும் அளவுக்கு எழுதி, அதன் கீழே அக்காவின் பெயரையும் எழுதினேன். கணவரின் பெயரை எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை. போர்ட்டர் சாக்கை முதுகில் ஏற்றும்போது உரக்கப் படித்தான். "என்னக்கா இது, ஊருக்கெல்லாம் சொல்லிட்டே போகுதே?"

"கல்லு பேசாதுல்லப்பா. அதுக்காகத்தான்."

பழனி வண்டியில் அது ஏறிப் போனது. நான் காத்திருந்தேன். முந்தின தடவை பிரிக்காமல் வந்தது போல இதுவும் வரும், வந்தால் அதை எப்படி அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு வண்டியிலும் இறங்கிய சாக்குகளைப் புரட்டிப் பார்த்தேன். வேறு கல்தான் வந்தது, அறுப்பதற்கு. அடுத்த மாதமும் வந்தது. அவர்கள் அந்த வீட்டில் இருந்த ஆண்டுகள் முழுக்க வந்தது. எல்லாம் அதே எண்ணெயில் அறுபட்டு, அதே வெள்ளைத் துணி தைத்து, அதே எழுத்தோடு திரும்பிப் போனது. சீனப் போர் நடந்த வருஷத்தில் கணவர் இரண்டாவது ரம்பம் ஒன்று செய்து நிறுத்தினார். குடும்பம் விளங்காமல் போன லட்சணம் இது.

பந்தியில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதரே, உங்கள் கழுத்து மாலை யார் வாங்கியது, எந்த வருஷம் வாங்கியது என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கோபத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அக்கா திருப்பிக் கொடுத்ததை ஊரெல்லாம் பேசுகிறீர்கள். அக்கா தன் பெயர் போட்டு அனுப்பிய சாக்குகளில் ஒன்றுகூடப் பழனியிலிருந்து திரும்பி வரவில்லை. வந்திருந்தால் என் கை வழியாகத்தான் வந்திருக்கும்.